கேட்காமல் வரைந்த கட்டம்

அத்தியாயம் 11

வாராவாரம் படிப்பவர்கள் இந்த நாலு வரியைத் தாண்டிப் போய்விடலாம். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்கள் மட்டும் படித்தால் போதும்.

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தி மாடியில், தணிக்கைப் பிரிவில். ஒரு காகிதம் எந்த மேஜையில் பிறக்கிறது, யாரிடம் கையெழுத்து வாங்குகிறது, கடைசியில் எந்த ஃபைலில் போய்ப் படுக்கிறது என்பதைக் கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போடுவது அவள் உத்தியோகம். அதனால் தொழிற்சாலை முழுக்க அவளுக்குக் கட்டம்மா என்று பெயர். இன்னொருத்தி கீழே, லாரியில் வந்து இறங்கும் சரக்கை எண்ணி வாங்கும் குமாஸ்தா. கட்டம்மாவின் கணவனுக்கு உடன்பிறந்த அக்கா. நாத்தனார்.

இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. காரணம் இரண்டு டம்ளர். வீட்டு விசேஷம் ஒன்றுக்குக் கட்டம்மா இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த அன்று, நாத்தனார் பத்துப் பேர் முன்னால் எண்ணிப் பார்த்து, "பதினெட்டு குடுத்தேன், பதினாறுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். எண்ணுவது அவள் பிறவிக் குணம். அதைத் திருட்டுப் பட்டமாக எடுத்துக்கொண்டது கட்டம்மாவின் பிறவிக் குணம்.

போன அத்தியாயத்தின் கடைசியில் நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து ஒரு கடிதம் வந்தது. கூடவே ஆதாரமாக ஒரு படம். அடியில் கட்டம்மாவின் கையெழுத்து.

இனி, விசாரணை நாளான வியாழக்கிழமை.

காலை ஏழு மணி. கட்டம்மாவின் கணவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவன். பக்கத்தில் யார் என்ன தப்பு செய்தாலும் குரலை உயர்த்தாமல் பிரேக்கை மிதித்துப் பழகியவன்.

"சாப்பிடலையா?"

"எறங்கல." அக்காவிடமிருந்து வாங்கி வந்த கடிதத்தையும் படத்தையும் அவள் பக்கம் தள்ளினான். "அக்கா மேல தப்பு இருந்தா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தப் படம் சரியா?"

"நான் வரைஞ்சது."

"அதைக் கேக்கல. சரியா?"

கட்டம்மா படத்தைக் கையில் எடுத்தாள். அவள் வரைந்த படப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கம். கொள்முதல், சரக்கு இறங்குமிடம், கணக்குப் பிரிவு என்று மூன்று பத்தி. நடுப் பத்தியில் டைமண்ட் வடிவத்தில் ஒரு கட்டம். தணிக்கைக்காரர்கள் வழக்கத்தில் அந்த வடிவம் ஒரு கேள்வி. 'ஆர்டர் கொடுத்ததும் வந்து இறங்கியதும் ஒரே எண்ணிக்கையா?' ஆம் என்றால் ஒரு அம்பு, இல்லை என்றால் இன்னொரு அம்பு.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவள் நாத்தனார் என்று படம் சொன்னது. கட்டில் சக்கரம் நாற்பது பெட்டிக்கு ஆர்டர் போனது, வந்தது இருபத்தைந்து. நாற்பதுக்கும் பணம் போய்விட்டது. 'நாற்பது என்று தெரிந்தும் இருபத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது ஏன்?' என்று கடிதம் கேட்டது.

கட்டம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. இந்த ஒப்பீட்டை யார் செய்வது என்று கேட்டதற்கு, கொள்முதல் அதிகாரி நாற்காலியில் சாய்ந்தபடி, "அதெல்லாம் கீழ அவங்களே பாத்துடுவாங்கம்மா" என்றார். அப்போது அவள் படியிறங்கிப் போய் நாத்தனாரின் மேஜை முன்னால் நின்று, 'அண்ணி, நீங்க என்ன செய்யறீங்க, சொல்லுங்க' என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு அண்ணி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. மாடியிலேயே உட்கார்ந்து அந்த டைமண்டை வரைந்து முடித்துவிட்டாள்.

பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி. 'நேரில் நடந்து பார்த்து உறுதி செய்யப்பட்டது.' அதற்கு எதிரே ஒரு டிக். அதுவும் அவள் போட்டதுதான்.



"ஏங்க, நான் அண்ணியைக் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி வரைஞ்சிட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. தட்டை மூடி வைத்தான்.

"கண்ணாடியையே பாக்காம ரெண்டு வருஷம் வண்டி ஓட்டியிருக்க. இப்ப பின்னாடி வந்து இடிச்சிருக்கு." எழுந்து கார் சாவியை எடுத்தான். "விசாரணை எப்ப?"

"மூணு மணிக்கு."

"என்ன பண்ணப் போற?"

"அன்னைக்கு நடக்காத வழியை இன்னைக்கு நடந்து பாக்கப் போறேன்," என்றாள் கட்டம்மா. "சக்கர ஆர்டர் பொறந்த மேஜைலேருந்து அது படுத்த ஃபைல் வரைக்கும்."

தொழிற்சாலை வாசலில், காவலாளிக் கூண்டுக்குப் பின்னால், பார்வையாளர் அறை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன். விசாரணை மூன்று மணிக்குத்தான். ஆனால் நாத்தனார் வழக்கமான நேரத்துக்கு, எட்டரைக்கே வந்து அங்கே உட்கார்ந்துவிட்டாள். நிறுத்திவைத்தால் நின்றுவிடுகிற ஜாதி இல்லை அவள்.

கட்டம்மா உள்ளே நுழைந்தபோது நாத்தனார் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை.

"அண்ணி."

நாத்தனார் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணி, உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்."

"கேட்டு என்ன பண்ணப் போற? அதான் கேக்காமலே எல்லாம் எழுதியாச்சே."

கட்டம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்தாள்.  நாத்தனார் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"லாரி வந்ததும் என்ன செய்வீங்க?"

"எண்ணுவேன்."

"எண்ணிட்டு?"

"எண்ணினதை ரசீதுல எழுதுவேன். வெள்ளை ரசீது லாரிக்காரனுக்கு. பிங்க் ரசீது கணக்குப் பிரிவு டிரேயில."

"ஆர்டரோட எப்ப ஒப்பிடுவீங்க?"

நாத்தனார் இப்போதுதான் திரும்பி முகத்துக்கு நேரே பார்த்தாள். "எந்த ஆர்டரோட?"

"உங்களுக்கு ஆர்டரோட பச்சைக் கலர் காப்பி ஒண்ணு வருமே. கொள்முதல்லேருந்து."

"வரும். அதுல எண்ணிக்கை இருக்கிற இடத்துல கறுப்பா ஒரு பட்டை அடிச்சிருக்கும். நீ பாத்ததில்லையா?"

கட்டம்மா பார்த்ததில்லை. மாடிக்கு வருவது மஞ்சள் காப்பி. அதில் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

"எனக்கு எத்தனைன்னு தெரியக் கூடாதுன்னுதான் அந்தப் பட்டை. தெரிஞ்சா எண்ணாமலே அதே நம்பரை எழுதிடுவேனாம். நான் சேர்ந்தப்ப இருந்த மேனேஜர் சொன்னார். நல்ல ஏற்பாடுதான்." நாத்தனாரின் குரல் ஒரே சீராக இருந்தது. "கண்ணைக் கட்டி விட்டுட்டு, ஏன் பாக்கலன்னு கேக்கறாங்க. இருபத்தஞ்சு வந்துது, இருபத்தஞ்சுன்னு எழுதினேன். எதோட எதை ஒப்பிடறது, சொல்லு?"



"இதை அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். உன் படத்தை எடுத்துக் காட்டினாங்க. உங்க வீட்டுப் பொண்ணே எழுதியிருக்காளேன்னு சிரிச்சாங்க." அந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது. இருமிச் சரிசெய்துகொண்டாள். "கீழ ஒரு டிக் போட்டிருக்கியே, நேர்ல பாத்தேன்னு. அது எப்ப பாத்த?"

"பாக்கல, அண்ணி."

"ம்."

"மன்னிப்புக் கேக்கற நேரம் இல்ல இது. அப்புறம் கேக்கறேன். இப்ப அந்தப் பச்சைக் காப்பியைக் காட்டணும். எங்க இருக்கும்?"

"என் மேஜை, இடது பக்கம் ரெண்டாவது கிளிப்." நாத்தனார் மறுபடி சுவர் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேன்னு நம்பிடாத. போய்ப் பாரு."

கட்டம்மா போய்ப் பார்த்தாள்.

சரக்கு இறங்குமிடத்தில் இரும்புக் குழாய்கள் இறங்கிக்கொண்டிருந்தன. காதைக் கிழிக்கிற சத்தம். நாத்தனார் இடத்தில் தற்காலிகமாக உட்கார வைத்திருந்த ஆள், "யாரு, கட்டம்மாவா? வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டான். இரண்டு வருடம் முன்னால் வந்திருக்க வேண்டிய வழி என்று சொல்ல முடியாமல் அவள் இரண்டாவது கிளிப்பைத் திறந்தாள். சக்கர ஆர்டரின் பச்சைக் காப்பி இருந்தது. எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, டைமண்ட் இல்லாமல் நடுப் பத்தியை வரைந்தாள். 'எண்ணுதல்' என்று ஒரே ஒரு செவ்வகம். அங்கிருந்து பிங்க் ரசீதுக்கு ஒரு அம்பு. அந்த அம்பின் பின்னாலேயே கணக்குப் பிரிவுக்கு ஏறினாள்.

அங்கே பில் பார்ப்பவருக்கு ஸ்டேப்ளர் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் எதோடாவது சேர்த்துப் பின் அடித்துவிடுவார். நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்தவர்.

"சார், கீழேருந்து பிங்க் ரசீது வந்தா என்ன செய்வீங்க?"

"தேதி வாரியா ஃபைல் பண்ணிடுவேன்."

"ஆர்டரோட வச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கட்டம்மாவின் பேனா நின்றது. "இருந்தீங்கன்னா?"

ஸ்டேப்ளர் இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவளுடைய புத்தகம். தொழிற்சாலையின் நாற்பத்திரண்டு படங்களும் பைண்ட் செய்தது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு காகிதத்துண்டு செருகியிருந்தது.

"பன்னெண்டு வருஷமா நான்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். பில், மஞ்சள் காப்பி, பிங்க் ரசீது, மூணையும் வச்சு நம்பர் ஒண்ணா இருந்தாதான் அனுப்புவேன். யாரும் சொல்லல, நானா செஞ்சது. அப்புறம் நீங்க இதைக் குடுத்தீங்க. ஒப்பிடறது கீழ நடக்குதுன்னு போட்டிருந்துது. சரி, ஒரே வேலையை ரெண்டு பேர் எதுக்குப் பாக்கணும்னு நிறுத்திட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பாம்மா?"

கட்டம்மா காகிதத்துண்டு செருகியிருந்த பக்கத்தைத் திருப்பினாள்.

இதுவரை அவள் நினைத்தது, நடக்காத ஒன்றை நடப்பதாக வரைந்துவிட்டோம் என்று. அது பாதிதான். நடந்துகொண்டிருந்த ஒன்றையும் அவள் படம் நிறுத்திவிட்டது. பதினைந்து பெட்டி போன ஓட்டையை அவளே கையால் போட்டிருக்கிறாள், ஸ்கேல் வைத்து நேராக.

"தப்பு உங்களுது இல்ல, சார். மூணு மணிக்கு இதை அப்படியே சொல்வீங்களா?"

ஸ்டேப்ளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நீங்க முதல்ல சொன்னா நான் அப்புறம் சொல்றேன்."

ஒரு மணிக்குத் தணிக்கை மேலாளர் அவளைக் கூப்பிட்டார். செய்தி அதற்குள் மாடியேறிவிட்டிருந்தது.

"புதுப் படம் வரைஞ்சியா?"

"ஆமா சார்."

"நல்லது. அதைக் குடு. 'நடைமுறை மாறியதால் திருத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டு மேல அனுப்பிடறேன். உன் அண்ணியும் தப்பிச்சிடுவாங்க. உனக்கும் ஒண்ணும் ஆகாது."

"நடைமுறை மாறல சார். நான் தப்பா வரைஞ்சேன்."

"அந்த டிக்கைப் பத்தி யாரும் கேக்கல. நீயா எதுக்கு வாயைக் குடுக்கற?" குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை பதவி உயர்வு லிஸ்ட் வருது. உதவி மேலாளர். உன் பேர் முதல்ல இருக்கு."

பொய் சொல்வானேன்? அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். ஆறு வருடமாக வேண்டும். ஒரு நிமிடம் அந்த ஒரு வரியை மனசுக்குள் எழுதிக்கூடப் பார்த்தாள். அழகாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் அப்படி எழுதினால், அண்ணி முன்பு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள், பிறகு விட்டுவிட்டாள் என்று அர்த்தமாகும். களங்கம் கழுவப்படாது, வேறு இடத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

"முடியாது சார்," என்றாள்.

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் இஷ்டம்."

படியில் இறங்கும்போது கணவனுக்குப் போன் செய்தாள்.

"என் வேலை போனாலும் போகலாம்."

அந்தப் பக்கம் யாரோ கியரைக் கரகரவென்று மாற்றும் சத்தம். "கிளட்ச், கிளட்ச்," என்றான் அவன் யாரிடமோ. பிறகு இவளிடம், "போனா போகட்டும். நாலு மணிக்கு வாசல்ல இருப்பேன்" என்றான்.

மூன்று மணி. நீளமான மேஜை. நடுவில் பொது மேலாளர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள், அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் கொள்முதல் அதிகாரியும் தணிக்கை மேலாளரும். எதிரே நாத்தனார், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

"ஒன்பதாம் பக்கத்துல இருக்கறபடி நீங்க ஒப்பிட்டிருக்கணும்," என்று ஆரம்பித்தார் கொள்முதல் அதிகாரி.

கட்டம்மா எழுந்தாள். "அந்தப் பக்கம் தப்பு."



அவள் பச்சைக் காப்பியை மேஜையில் வைத்தாள். கறுப்புப் பட்டையைக் காட்டினாள். பொது மேலாளர் அதைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தார், காலையில் கட்டம்மா பிடித்த மாதிரியே.

"இது எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"ஆரம்பத்துலேருந்தே," என்றாள் நாத்தனார்.

"அப்ப படத்துல ஏன் வேற மாதிரி இருக்கு?" கேள்வி கட்டம்மாவுக்கு.

இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் பயந்தாள். ஒட்டவில்லை.

"கொள்முதல்ல சொன்னதைக் கேட்டு வரைஞ்சேன். கீழ போய் இவங்களைக் கேக்கல. எங்களுக்குள்ள பேச்சு இல்ல, அது எங்க வீட்டு விஷயம். அதை நான் ஆபீஸ் படத்துக்குள்ள கொண்டுவந்துட்டேன். நேர்ல பாத்ததா அடியில நான் போட்ட டிக் பொய். அதுவரைக்கும் கணக்குப் பிரிவுல ஒப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, என் படத்தை நம்பித்தான் நிறுத்தினாங்க. பதினஞ்சு பெட்டி போனதுக்குக் காரணம் தேடறீங்கன்னா, அந்த டைமண்ட்தான். அதை வரைஞ்சது நான்."

ஸ்டேப்ளர் பின்வரிசையில் எழுந்து நின்றார். "ஆமாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய பிரசங்கம்.

பொது மேலாளர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நாத்தனாரின் நிறுத்தம் ரத்து. நாளைக் காலையே வேலைக்கு வரலாம். கடிதத்தில் வருத்தமும் தெரிவிக்கப்படும். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கட்டம்மாவைப் பார்த்தார்.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க. அதை எழுதி வைக்கறேன். ஆனா மீதி நாப்பத்தோரு படத்தை இனி நான் எப்படி நம்பறது? நாளைலேருந்து நீங்க வர வேண்டாம். முடிவைக் கடிதத்துல சொல்றோம்."

"சரிங்க," என்றாள் கட்டம்மா. கண்ணில் நீர் முட்டியது. அங்கேயே நிறுத்திவைத்தாள்.

வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார், கூரையில் எல் போர்டோடு நின்றிருந்தது. இருவரும் பேசாமல் நடந்து வந்தார்கள். காவலாளிக் கூண்டு தாண்டியதும் நாத்தனார் நின்றாள்.

"உனக்கு என்ன கிறுக்கா? டிக்கைப் பத்தி அங்க யாரும் கேக்கவே இல்லையே."

"நீங்க கேட்டீங்க அண்ணி. காலைல."

நாத்தனார் கைப்பையின் ஜிப்பை ஒரு தடவை திறந்து மூடினாள். "முகத்தைக் கழுவிக்கோ. அவன் பாத்தா பயந்துடுவான்," என்றாள்.

அப்போதுதான் ஸ்டேப்ளர் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கையில் பிங்க் ரசீது ஃபைல், மூச்சு இரைத்தது.

"விசாரணை முடிஞ்சதும் உட்கார்ந்து பழசையெல்லாம் ஒப்பிட ஆரம்பிச்சேன். சக்கரம் மட்டும் இல்லம்மா. அதே சப்ளையர், இன்னும் நாலு லோடு குறைஞ்சு வந்திருக்கு. எல்லாத்துக்கும் முழுப் பணம் போயிருக்கு."

"எப்பலேருந்து?" என்று கேட்டாள் நாத்தனார்.

"அதான் விசேஷமே. நான் பாத்துக்கிட்டு இருந்த பன்னெண்டு வருஷத்துல ஒரு லோடுகூடக் குறையல. முதல் லோடு குறைஞ்சது..." அவர் கட்டம்மாவைப் பார்த்தார். "நீங்க புத்தகம் குடுத்த மூணாவது வாரம்."

கட்டம்மாவின் கண்ணீர் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

சப்ளையருக்குத் தானாக ஞானோதயம் வராது. இனி யாரும் ஒப்பிடப் போவதில்லை என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்தைப் படித்து, கறுப்புப் பட்டையும் தெரிந்து, நடுவில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்த யாரோ. அவள் வரைந்த நாற்பத்திரண்டு படத்தையும் எல்லாரும் அலமாரியில் போட்டுவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேருக்குக் குடுத்த?" நாத்தனார் ஏற்கெனவே விரலை மடக்கத் தயாராக இருந்தாள்.

"ஏழு பேர். ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க. அந்த ரெஜிஸ்டர் என் மேஜையில இருக்கு."

கார் ஜன்னல் இறங்கியது. "என்ன, ரெண்டு பேரும் ஏறுங்க," என்றான் கணவன்.

கட்டம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால். ஷிஃப்ட் முடிவது அஞ்சரைக்கு.

"நாளைலேருந்துதான் வர வேண்டாம்னாங்க," என்றாள். "இன்னைக்கு அஞ்சரை வரைக்கும் நான் இங்க வேலை பாக்கறவ."

"நீ இரு, வந்துடறோம்," என்று தம்பியிடம் சொன்ன நாத்தனார், அவளுக்கு முன்னால் கேட்டுக்குள் திரும்பி நடந்தாள்.